உடையவன் பார்க்குமுன்

அமெரிக்க நாட்டின் மிஷிகன் மாநிலத்தில் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கி அம்மாதம் 30-ஆம் தேதி முடிகிறது. அந்தப் பதினாறு நாட்களை உத்தேசித்து, மரங்கள் இலை உதிர்க்கும் காலத்திலேயே வேட்டைக்காரர்கள் பொதுக் காடுகளுக்குள் புகுந்து, மான் நடந்த தடங்களைப் பார்த்துவைத்து, இரும்பேணியும் சிறு இருக்கையுமாக அமைந்த பரண்களை மரங்களோடு சேர்த்துச் சங்கிலியால் பூட்டி, பக்கத்து மரத்தில் இருளிலும் படம் பிடிக்கும் தானியங்கிக் காமிரா ஒன்றையும் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார்கள். பொது நிலத்தில் வைத்த பரணில், அது இன்னாருடையது என்று காட்டும் பெயர் விலாசத்தையோ அடையாள எண்ணையோ எவரும் படிக்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே அந்தக் காடுகளில் மனிதர் இல்லாத வேளையிலும் மனிதர்களின் பெயர்கள் மட்டும் மரந்தோறும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அம்மாநிலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர் தம் அண்டை வீட்டுக்காரரைப் பற்றி எனக்கு எழுதியிருந்தார். பருவத்தின் முதல் நாள், விடிவதற்கு இரண்டு நாழிகை முன்பே கைவிளக்கோடு காட்டுக்குள் போன அந்த மனிதர், தம் மரத்தடியில் வெட்டுண்ட சங்கிலி ஒன்றைத் தவிர வேறொன்றையும் காணாமல் திரும்பி வந்தாராம். பண நஷ்டத்தை அவர் பெரிதாகச் சொல்லவில்லை. என் பெயரைப் படித்துவிட்டுத்தானே எடுத்திருக்கிறான் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிறந்தது முதல் புலால் தொடாதவராகிய என் நண்பர் இந்தச் செய்தியை எழுதிவிட்டு, கடிதத்தின் அடியில் ஒரு கேள்வியும் சேர்த்திருந்தார்: "பரண் போனதனால் ஒரு மான் பிழைத்தது என்று வைத்துக்கொண்டால், இதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது? கொல்லும் கருவியைக் களவாடுவதும் ஒரு களவா?"

கேள்வி விளையாட்டாகக் கேட்கப்பட்டதுதான். ஆயினும் அது எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதாக எனக்குத் தோன்றவில்லை. பரணைத் திருடியவன் அதை வீட்டுக் கூடத்தில் போட்டு உட்காரப் போவதில்லை, வேறொரு மரத்தில் பூட்டி அவனும் மானுக்காகத்தான் காத்திருக்கப் போகிறான், ஆகவே மான் பிழைத்தது என்ற கணக்கே பிழை என்று பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் அது கேள்வியைத் தட்டிக் கழிப்பதாகும். உண்மையிலேயே கருணையினால் ஒருவன் அந்தச் சங்கிலியை வெட்டியிருந்தால் என்ன சொல்வோம் என்பதே விஷயம்.

இந்த விஷயத்தை மிகவும் நுணுக்கமாக ஆராய்ந்து வைத்திருப்பது பௌத்த சங்கத்தின் விநய நூல். பிக்ஷுவைச் சங்கத்திலிருந்தே வீழ்த்திவிடும் நான்கு பெருங்குற்றங்களில் இரண்டாவதாகக் கொடாததை எடுத்தலைக் கூறும் அந்நூல், ஊரிலிருந்தாயினும் காட்டிலிருந்தாயினும் என்று இடத்தையும் சேர்த்தே கூறுகிறது. காட்டை ஏன் தனியே சொல்ல வேண்டியிருந்தது என்பதற்கு அவ்விதி பிறந்த கதையே வியாக்கியானம் போல அமைந்திருக்கிறது. இராசகிருகத்தை அடுத்த இசிகிலி மலைச்சாரலில், குயவர் குலத்தில் பிறந்த தனியர் என்னும் பிக்ஷு புல்லால் குடில் ஒன்று வேய்ந்து வசித்துவந்தார். அவர் பிச்சைக்காக ஊருக்குள் சென்றிருந்த வேளையில் புல்லும் விறகும் பொறுக்க வந்தவர்கள், ஆளில்லாத குடிலைக் கண்டு, அதைப் பிரித்துப் புல்லையும் கழிகளையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இவ்விதம் ஒருமுறையன்று, மூன்று முறை நடந்தது. சலித்துப்போன தனியர் தம் குலத்தொழிலை நினைவுகூர்ந்து மண்ணாலேயே குடில் அமைத்துச் சுட்டு நிறுத்த, மண்ணிலுள்ள சிற்றுயிர்களுக்கு அதனால் இம்சை விளைந்தது என்று புத்தர் அதை உடைக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் தனியர் செய்த காரியம்தான் விபரீதமானது. நகரத்தைப் பழுதுபார்ப்பதற்கென்று பிம்பிசார மன்னன் சேமித்துவைத்திருந்த மரங்களை, அரசன் எனக்குக் கொடுத்திருக்கிறான் என்று காவற்காரனிடம் சொல்லி, துண்டு துண்டாக வெட்டுவித்து வண்டியேற்றிக் கொண்டுபோய்விட்டார். எப்போது கொடுத்தேன் என்று மன்னன் வினவியபோது, முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் சிரமணர்க்கும் பிராமணர்க்கும் உரியவை என்று தாங்கள் பிரகடனம் செய்யவில்லையா என்று திருப்பிக் கேட்டார். காட்டில் எவருடைய உடைமையாகவும் இல்லாதவற்றைக் குறித்தே அவ்வாறு சொன்னேன் என்று மன்னன் விளக்கி, பிக்ஷு என்ற காரணத்தால் தண்டிக்காமல் விட்டுவிட்டான்.

காட்டில் ஆளில்லாமல் விட்டுவைத்த பொருளை மூன்று முறை பறிகொடுத்தவரே அந்த விதிக்குக் காரணமான முதற் குற்றவாளியும் ஆனார் என்பதை நூல் குறிப்பாகச் சுட்டிக்காட்டவில்லை. கதையைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. குடிலைப் பிரித்தவர்கள் தங்களைத் திருடர்களென்று ஒரு கணமும் எண்ணியிருக்கமாட்டார்கள் என்பதே என் அபிப்பிராயம். புல் கிடந்தது, எடுத்தார்கள். அந்தப் புல்லைக் கயிறு கட்டி முடைந்தது ஒருவருடைய கை என்பது அவர்கள் கண்ணில் பட்டிருந்தும் கருத்தில் படவில்லை. காட்டுக்கு அப்படியொரு மாயம் உண்டு. தெருத் திண்ணையில் கிடக்கும் குடையைத் தொடக் கூசுகிறவன், அதே குடை ஒற்றையடிப் பாதையில் கிடந்தால், இறைவன் அனுப்பியதாக எண்ணி விரித்துக்கொள்கிறான்.

விதியைச் சொல்லிய பின்னர் விநய நூல் சில வழக்குகளைத் தொகுத்துத் தருகிறது. அவற்றுள் நம் கேள்விக்கு நேரே உரிய வழக்குகள் இரண்டு. ஒரு பிக்ஷு, கண்ணியில் அகப்பட்ட பன்றியைக் கண்டு இரங்கி அவிழ்த்துவிட்டார். பிறகு தாம் களவுக் குற்றத்துக்கு ஆளானோமோ என்று அஞ்சி வந்து முறையிட்டார். உன் மனத்தில் இருந்தது என்ன என்று புத்தர் கேட்டார். கருணை என்று அவர் சொல்ல, குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. மற்றொரு பிக்ஷுவும் கண்ணியில் அகப்பட்ட பன்றியை அவிழ்த்தார். ஆனால் உடையவர்கள் பார்க்குமுன் எடுத்துவிட வேண்டும் என்ற திருட்டு நினைப்போடு அவிழ்த்தார். அவர் சங்கத்திலிருந்து வீழ்ந்தார். பன்றியைப் போலவே கண்ணியில் சிக்கிய மானைக் குறித்தும், பொறியில் அகப்பட்ட மீனைக் குறித்தும் இதே தீர்ப்பு சொல்லப்படுகிறது. கண்ணி ஒன்று, பன்றி ஒன்று, அவிழ்த்த விரல்களின் அசைவும் ஒன்று. அப்படியிருக்க ஒருவர் நிரபராதி, மற்றவர் பதிதர். இதைப் படித்துவிட்டு, எண்ணத்தைப் பொறுத்ததே குற்றம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தத் திருட்டு நினைப்பு இன்னது என்பதை நூல் எந்தச் சொற்களால் காட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பன்றியிறைச்சியில் ஆசை வைத்தார் என்றோ விற்றுப் பொருளீட்ட நினைத்தார் என்றோ அது சொல்லவில்லை. உடையவர்கள் பார்க்குமுன் என்று மட்டும் சொல்கிறது.

அதே பகுதியில் இன்னொரு வழக்கும் உண்டு; படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிறிது சங்கடம் தருவது. அதே இராசகிருகத்தை அடுத்த கழுகுமலையிலிருந்து இறங்கிவந்த பிக்ஷுக்கள் சிங்கம் தின்று மிஞ்சிய இரையைக் கண்டு அதைச் சமைப்பித்து உண்டார்கள். விலங்கின் உடைமையை எடுத்ததில் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆக, வேடன் வைத்த சுருக்குக் கயிற்றுக்கு உடையவன் உண்டு. சிங்கம் தன் நகத்தால் வீழ்த்திய மானுக்கு உடையவன் இல்லை. சிங்கத்துக்குப் பெயர் எழுதி ஒட்டத் தெரியாது என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குப் புலப்படவில்லை.

மற்றச் சமயத்தாரும் நியாய சாஸ்திரிகளும் இவ்விஷயத்தைத் தொடாமல் விடவில்லை. நீ வைத்த கண்ணியில் விழுந்த காட்டுப்பன்றியை நான் அவிழ்த்துக்கொண்டு போனால் அது உன் பன்றியா, காட்டிலேயே திரும்ப விட்டுவிட்டால் அதன்பின் யாருடையது என்று புரோக்குலஸ் என்னும் ரோமானியச் சட்ட அறிஞர் விசாரித்த பகுதி, 533-இல் வெளியான ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. பொது நிலமா தனியார் நிலமா, பன்றி இன்னும் கொஞ்சம் போராடியிருந்தால் தானே விடுபட்டிருக்குமா என்றெல்லாம் அலசிவிட்டு, பன்றி பிடித்தவனுடைய சுவாதீனத்துக்கு வந்துவிட்டதாயின் அதை விடுவித்து ஓட்டியவன்மேல் வழக்காடலாம் என்று அவர் முடிக்கிறார். கப்பலிலிருந்து பிறருடைய கிண்ணத்தைக் கடலில் எறிந்தவனை அதற்கு உவமை காட்டுகிறார். எறிந்தவன் கையில் ஒன்றுமில்லை, இழந்தவன் கையிலும் ஒன்றுமில்லை. கருணையினால் அவிழ்த்த பிக்ஷு ரோமாபுரியில் இருந்திருந்தால் பன்றிக்கு விலை கொடுக்க நேர்ந்திருக்கும். பொன்னும் வெள்ளியும் தொடக்கூடாத அவர் எதைக் கொண்டு கொடுப்பார் என்பது வேறு கேள்வி.

யூதர்களின் மிஷ்னா ஏறத்தாழ கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட நூல். விலங்குக்கும் பறவைக்கும் மீனுக்கும் வைத்த பொறிகளிலிருந்து பிறர் எடுத்தால் அது கொள்ளையாகும், சமாதானத்தின் பொருட்டு, என்கிறது அது. ரபி யோசே என்பவர் மட்டும் அது முழுக் கொள்ளையே என்று மாறுபடுகிறார். உட்குழிவுள்ள வலையில் விழுந்ததைப் பற்றி விவாதமே இல்லை, தூண்டில் போன்றவற்றில்தான் கருத்து வேற்றுமை என்று, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த தல்மூத் பின்னர் விளக்குகிறது. பெரும்பான்மையோர் சொன்ன அந்தச் சமாதானம் என்ற காரணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கண்ணியில் மாட்டிய உயிர் உன்னுடையதுதான் என்று வேடனிடம் அது ஒப்புக்கொள்ளவில்லை; ஆனாலும் நீங்கள் ஒருவரோடொருவர் வாழ வேண்டியவர்கள், ஆகவே கை வைக்காதே என்கிறது. இந்த விவாதங்களிலெல்லாம் கயிறு யாருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் கயிற்றில் விழுந்த உயிர் யாருடையது என்பதில்தான். என் நண்பர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். மானின் உயிர் வேட்டைக்காரருடையதன்று என்று அவர் சொன்னால் தலைவணங்குவேன். அதிலிருந்து பரணும் அவருடையதன்று என்று எப்படி வந்தது?

இஸ்லாமிய நியாயவாதிகள் இன்னொரு சூக்ஷ்மத்தைக் கண்டார்கள். காவலுக்குட்பட்ட இடத்திலிருந்து மறைவாக எடுத்தால்தான் கையை வெட்டும் தண்டனை. வெட்டவெளியில் விட்டுவைத்ததை எடுத்தவனுக்கு அது இல்லை. பாவம் குறைந்தது என்பது இதன் கருத்தன்று. உலகத்துத் தண்டனைதான் விலகுகிறது.

காவலில்லாமல் காட்டில் வைத்த கருவிகளுள் நம் நாட்டில் எல்லாரும் அறிந்தவை பாண்டவர்கள் வன்னி மரத்தில் ஒளித்த ஆயுதங்கள். விராட நகரத்துக்குள் புகுமுன், சுடுகாட்டை அடுத்த அந்த மரத்தில் வில்களை ஏற்றிக் கட்டி, எவரும் அணுகாதிருக்கப் பிணம் ஒன்றையும் சேர்த்துக் கட்டி, வழியில் கண்ட இடையர்களிடம் இது நூற்றெண்பது வயதான எங்கள் தாய், எங்கள் குல வழக்கப்படி கட்டியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தருமபுத்திரர் கூட இருந்தார்! மிஷிகன்காரர் தம் பெயரை எழுதிவைத்துப் பறிகொடுத்தார். இவர்கள் பெயரை மறைத்துப் பொய்யையும் துர்நாற்றத்தையும் காவல் வைத்துப் பத்திரமாகத் திரும்பப் பெற்றார்கள். அருச்சுனனின் காண்டீபமோ அதற்கு முன்பே ஒருமுறை பறிபோன வில்தான். பன்றி ஒன்றைக் குறித்து எழுந்த சண்டையில், வேடனாக வந்த சிவபெருமான் அதை அவன் கையிலிருந்தே பறித்துக்கொண்டு பின்பு திருப்பிக் கொடுத்ததாக வியாசபாரதம் கூறுகிறது. அதைக் களவென்று யாரும் சொன்னதில்லை. உடையவன் பார்த்துக்கொண்டிருக்கையில் அல்லவா எடுத்தார்.

உடையவனே பார்க்கப்பட அஞ்சுகிற இடமும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் காடுகளில் வேட்டை குற்றம். ஆயினும் காட்டோரங்களில் வேலிக்கம்பியாலும் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பியாலும் செய்த சுருக்குகளை வனக் காவலர்கள் இன்றும் கண்டெடுக்கிறார்கள். இவற்றில் பெயர் எழுதியிருக்காது. யாருடையது என்று கேட்டால் என்னுடையது என்று சொல்ல எவரும் முன்வரமாட்டார்கள். மிஷிகனில் திருடனுக்கு இருந்த ஒளிவு இங்கே வேடனிடம் வந்துவிட்டது. அதைப் பகலில், சாட்சி வைத்து, மகஜர் எழுதிக் கழற்றுகிற காவலரோ வெளிச்சத்தில் நிற்கிறார். என் நண்பரின் மனத்தில் இருந்த கருணை செய்ய வேண்டிய காரியம் இதுதான் என்று நினைக்கிறேன். திருவள்ளுவர் கள்ளாமையையும் கொல்லாமையையும் ஒரே துறவறவியலில் வைத்தார். ஒன்றைக் காக்க மற்றொன்றை விடலாம் என்று அவர் எங்கும் இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவையும் நண்பருக்கு எழுதினேன். விநய நூலின் தீர்ப்பை மாத்திரம் இன்னும் மனம் விடவில்லை. கருணையுள்ள பிக்ஷு குற்றமற்றவர் என்பதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் பன்றி ஓடிய பிறகு அவர் என்ன செய்தார்? கயிற்றைச் சுருட்டி மரத்தடியில் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து, விடியற்காலையில் தன் இரையைத் தேடி வரப்போகிற, வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்கக்கூடிய அந்த வேடனுக்காகக் காத்திருந்தாரா, அல்லது அவன் வருமுன் அவரும் போய்விட்டாரா? புத்தரும் அதைக் கேட்டதாக நூலில் இல்லை.