அருகிருத்தலும் அகன்றிருத்தலும்

சுற்றத்தார் நடுவே பிறந்த ஊரில் வாழ்வது நன்றா, தொலைவில் ஓரூரில் தன் விருப்பம்போல் வாழ்வது நன்றா என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுகிறது. வந்தவாசி, ஆரணிப் பகுதிச் சிற்றூர்களில் நம்மவர் வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காணும் முதியோர் பிள்ளைகளைக் குறை கூறுவர். பிள்ளைகளோ, உறவினரின் ஓயாத கண்காணிப்பே இல்லற அமைதியைக் கெடுக்கிறது என்பர். அதிலும் உண்மையுண்டு. கூட்டுக் குடும்பத்தை ஒரு பொற்காலமென்று நான் புனைந்துரைக்க மாட்டேன்.

1978-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் எனக்குப் பணி கிடைத்தது. கணவருடன் தனிக்குடித்தனம் சென்றேன். யாரையும் கேளாமல் உலையேற்றிய முதல்நாள் மகிழ்ச்சி இன்றும் நினைவிலுள்ளது. மாமியாருக்குத் திங்கள்தோறும் 50 ரூபாய் மணியார்டர் அனுப்பினோம். கடமை அத்துடன் முடிந்ததென்றே கருதினேன்.

கண்பார்வை குன்றிய மாமியாருடன் ஊரில் இருந்தவர் என் மூத்த ஓரகத்தி. கதிரவன் மறையுமுன் மாமியாருக்கு உணவளித்தாக வேண்டும். பொழுது சாய்ந்தபின் அவர் நீரும் அருந்தார். அதனால் பதினோராண்டுகள் ஓரகத்தி தம் தாய்வீட்டுத் திருமணங்களுக்குச் சென்றாலும் மாலைவரை தங்கியதில்லை. நானோ விடுமுறையில் வந்து நான்கு நாள் பணிவிடை செய்து, நல்ல மருமகள் என்னும் பெயருடன் திரும்பினேன்! புகழ் வந்துபோகிறவளுக்கு, ஏச்சு உடனிருப்பவளுக்கு. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

உயிர் தனியே வந்து தனியே செல்கிறது என்றுதானே ஏகத்துவ பாவனை கற்பிக்கிறது என்று நன்கு கற்ற இளைஞர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். பன்னிரு பாவனைகளுள் ஒன்றாகிய ஏகத்துவம், அவரவர் வினைப்பயனை அவரவரே துய்க்க வேண்டுமென உணர்த்துவது. நம் பங்குப் பணியைப் பிறர் தலையில் ஏற்றுவதற்கு அது சான்றாகாது. உயிர்கள் தம்முள் உதவி வாழ்வதைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் உமாசுவாமிகள் கூறியிருப்பதையும் அவ்விளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தொலைவு சென்றது என் குற்றமன்று. என் விடுதலைக்கு விலை கொடுத்தவர் யாரென்று எண்ணிப் பாராததே குற்றம். ஆண்டில் ஒரு மாதம் நான் பொறுப்பேற்று, ஓரகத்தியை எங்கேனும் அனுப்பிவைத்திருக்கலாம். முப்பது வயதில் அது எனக்குத் தோன்றவில்லை.

இன்று ஓரகத்தி படுக்கையில் உள்ளார். அவர் மக்கள் சென்னையில் பணிபுரிகின்றனர். ஊரில் உடனிருப்பவள் நான். பெங்களூருக்கு வந்துவிடும்படி என் மகன் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறான். இப்போது வருவதற்கில்லை, மே மாதத்தில் பத்து நாள் நீ வந்து பெரியம்மாவைப் பார்த்துக்கொள் என்று கூறியிருக்கிறேன். அவன் இன்னும் விடை கூறவில்லை.