வலிமையும் தகுதியும்

அரசியல் என்றதும் நம்மவர் உள்ளத்தில் எழுவன தேர்தல் மேடையும் நாளிதழ்த் தலைப்புமே. மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பள்ளிவாசல் திண்ணையில் நிகழும் பேச்சில் பாதி அதுவாகவே இருக்கும். அதனைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயின், அரசியலைப் பேசுவது வேறு. அதனைக் கற்பது வேறு. கற்க விழைவோர்க்கு முதற்கண் வேண்டுவன, செய்தியைச் சோதிக்கும் முறையும், ஆளும் சொற்களின் பொருள் பற்றிய தெளிவுமாகும்.

அரபியில் அரசியலை ‘ஸியாஸத்’ என்பர். குதிரையைப் பேணிப் பழக்குதற்கும் அதே வேர்ச்சொல்தான். குதிரைக்காரனுக்கு ‘ஸாயிஸ்’ என்று பெயர். வெறுஞ் சவுக்கால் மட்டும் எந்தக் குதிரையும் பழகுவதில்லை என்று, இச்சொல்லைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவர்க்கு நாம் கூறுவதுண்டு.

இக்கல்வியை நாடுகளின் உண்மை நிலையிலிருந்து தொடங்கியவர்களுள் அரிஸ்டாட்டில் மூத்தவர். அவரும் அவர்தம் மாணாக்கரும் 158 நகரங்களின் ஆட்சி அமைப்புகளைத் தொகுத்தனர் என்பர். அவற்றுள் ஏதென்ஸ் பற்றிய நூல் எகிப்தில் கிடைத்த ஏட்டுச் சுருள்களிலிருந்து 1891-இல் பதிப்பிக்கப்பெற்றது. வியப்பு யாதெனில், அவருடைய பிற நூல்களைக் கரைத்துக் குடித்த நம் முன்னோர்க்கு அவரது அரசியல் நூல் மட்டும் கைக்கு எட்டவில்லை. அதனாலேயே இப்னு ருஷ்து, பிளேட்டோவின் நூலுக்கு உரை எழுத நேர்ந்தது.

அந்தக் குறையைத் தம் சொந்த அறிவால் நிரப்பியவர் அல்லாமா இப்னு கல்தூன். 1332-இல் தூனிஸில் பிறந்த அப்பெருமகனார், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து 1377-இல் ‘முகத்திமா’வை எழுதினார். மூஸா நபி (அலை) அவர்களுடன் போரிடத்தக்க ஆடவர் ஆறு லட்சம் பேர் இருந்தனர் என்று மஸ்ஊதி முதலானோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. நான்கு தலைமுறைக்குள் ஒரு குடும்பம் அத்துணை பெருகுமா? அத்துணை பெரும்படை ஒரு களத்தில் அணிவகுத்து நிற்க இயலுமா? அறிவிப்பாளர் நம்பகமானவரா என்று பார்க்கும் முன்னர், அச்செய்தி நிகழக்கூடியதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை.

அவர் ஆண்ட சொற்களுள் தலையாயது ‘அஸபிய்யத்’. இதனை இனப்பற்று எனப் பெயர்ப்போர் உளர்; அது போதாது. குருதியால் மட்டுமன்றி, அண்டி வாழ்தலாலும் உடன்படிக்கையாலும் தோன்றி, ஒருவர்க்கு இடர் வந்தால் மற்றவர் உயிர் கொடுக்கத் துணியும் ஒட்டுறவே அது. அஸபிய்யத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்துள்ளார்களே எனில், அநீதிக்குத் துணைபோகும் ஒட்டுறவே கண்டிக்கப்பட்டது என்பது அவர் விடை. இஃதின்றி எந்த ஆட்சியும் எழாது. இது தளர்ந்தால் எதுவும் நில்லாது என்றார்.

இனி நம் உள்ளத்தை உலுக்கும் இடத்திற்கு வருகின்றோம். ஹிஜ்ரி 61-இல், அதாவது கி.பி. 680-இல், நிகழ்ந்த கர்பலாவை இந்த அளவுகோலால் அளப்பது தகுமா? இப்னு கல்தூன் அளந்தார். கூபாவாசிகள் அழைத்தனர், இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள் தமக்குத் தகுதியும் உண்டு, வலிமையும் உண்டு எனக் கருதிப் புறப்பட்டார்கள். தகுதி அவர்கள் கருதியவாறே இருந்தது. அதற்கு மேலும் இருந்தது. வலிமையைப் பற்றிய கணிப்போ பொருந்தவில்லை. குறைஷியரின் ஒட்டுறவு அன்று பனூ உமையாக்களிடம் குவிந்திருந்தது. வஹீயின் பேரொளியில் சில காலம் மறக்கப்பட்டிருந்த அது மீண்டும் தலைதூக்கியிருந்தது. இவ்வளவும் அவர் கூற்றின் சாரம்.

இதனைப் படிக்கும் மாணவர் சிலர் முகம் சுளிப்பதைக் கண்டிருக்கின்றோம். அவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அப்பிழை உலகியல் கணிப்பைச் சார்ந்தது, அது அப்பெருந்தகைக்கு ஒரு குறையன்று, மார்க்கத்தின்படி அவர்கள் பிழைக்கவில்லை, அவர்கள் ஷஹீத், அக்கொலையோ யஸீதின் பாவத்தை உறுதி செய்த செயல் என்று அவரே தீர்ப்புரைக்கின்றார். அது மட்டுமன்று. ஹுஸைன் (ரலி) அவர்கள் தம் பாட்டனாரின் சட்டப்படியே கொல்லப்பட்டார்கள் என்ற பொருள்பட எழுதிய காழி அபூபக்ர் இப்னுல் அரபியைப் பெயர் சொல்லியே மறுக்கின்றார். (இவர் ஸூபி ஞானி இப்னு அரபி அல்லர், பலர் மயங்குவர்.) இருவரும் மாலிக்கி மத்ஹபினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

யார் வென்றார், ஏன் வென்றார் என்பது ஒரு வினா. யார் பக்கம் நீதி என்பது மற்றொரு வினா. முதல் வினாவின் விடையை இரண்டாவதன் விடையாக்கினார் இப்னுல் அரபி. பக்தியின் மிகுதியால் முதல் வினாவையே கேட்க அஞ்சுவோர் நம்மில் பலர். அஞ்சுவதால் யாருக்கு நன்மை? கூபாவின் வாக்குறுதிகளுக்கும் கூபாவின் வாள்களுக்கும் இடையிலிருந்த தொலைவை அறியாதவர், நாளையும் வாக்குறுதிகளை எண்ணியே களம் புகுவர். வீடுதோறும் சென்று, யாருக்கு வாக்களிப்பீர் எனக் கேட்டு எழுதும் இக்கால ஆய்வாளரும் இத்தொலைவில் இடறி விழக் காண்கின்றோம்.

முதல் வினாவிலேயே மூழ்கியவர் வலியோரின் அவைப் புலவராகிவிடும் அச்சம் இல்லாமலில்லை. இப்னு கல்தூனே தூனிஸ், பாஸ், கிரானடா அரசவைகளில் உலவியவர். 1401-இல் திமிஷ்க் நகர மதிலிலிருந்து கயிற்றால் இறங்கிச் சென்று தைமூரைக் கண்டார். அஸபிய்யத்தின் பெருக்கத்தை அவன் முகத்துக்கு நேரே புகழ்ந்துரைத்தார். அப்பகுதியைப் படிக்கையில் நமக்கும் சற்றே கூசத்தான் செய்கின்றது. ஆயினும், தைமூரின் படையினர் இட்ட தீ உமையா ஜாமிஆ மஸ்ஜிதைப் பற்றிக் கூரை உருகி வீழ்ந்ததைத் தம் வரலாற்றில் எழுதுகையில், அது இழிவிலும் இழிவான செயல் என்றே அவர் பதிந்து வைத்தார்.