நாற்றத்தால் அறிவது

துவாஸ் சோதனைச் சாவடியை நோக்கிப் போகும் பழைய கார் ஒன்றில் கருகிய வாடை வீசுகிறது. கண்ணுக்கு எதுவும் தென்படவில்லை. காணாத காரணத்தை ஒரு வாடையை நம்பி முடிவுசெய்யலாமா? 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவம் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், அறியும் வழிகளைப் பேசும் அளவைப் பகுதி, மணத்தால் பூவை அறிவதையே அனுமானத்தின் ஒரு வகைக்கு எடுத்துக்காட்டாக வைக்கிறது. அந்தப் பூவை முன்பே கண்டு முகர்ந்தவருக்குத்தான் அது கைகூடும். சிங்கப்பூரில் பத்தாண்டு கடந்தும் வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டப்படும் கார்கள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குப் போகின்றன. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவே ஏற்படும் கசிவைச் சில வேளைகளில் மூக்குதான் முதலில் அறிகிறது. மூக்கின் சாட்சியத்தை ஏற்க வேண்டும்; தீர்ப்பை அவசரப்படாமல் தள்ளிவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

வால்வு கவர் கேஸ்கெட் இறுகிப்போய், இன்ஜின் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் எண்ணெய் கருகும் வாடை. கூலண்ட் என்றால் இனிப்பு வாடை. பெல்ட் வழுக்கினால் ரப்பர் வாடை. துவாஸில் தொழிற்சாலைகளும் குப்பை எரியாலையும் இருக்கையில், வாடை வெளியிலிருந்தும் வந்திருக்கலாம். நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருந்தே தீரும் என்பதை நியாய நூலார் ஏற்கவில்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்றார்கள். கசிவும் அப்படியே. சூடான பாகத்தைத் தொடாத எண்ணெய் வாடையே இல்லாமல் நாள்கணக்கில் சொட்டும். மணிமேகலையின் 27ஆம் காதை ஐயத்தையும் தேராது தெளிதலையும் போலி அறிவுகளில் தனித்தனியே எண்ணுகிறது. தறியோ ஆளோ என்று மயங்குவது ஐயம். ஆராயாமல் தறியை ஆள் என்றே கொள்வது தேராது தெளிதல். பின்னதே கொடியது என்பேன், ஐயப்படுபவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். வாடை வந்ததுமே கேஸ்கெட்டை மாற்றச் சொல்பவர் தேடலை நிறுத்திவிடுகிறார். ஓடும் காரில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளுவதால் சொட்டும் இடமும் கசியும் இடமும் வேறாகலாம். இன்ஜினைத் துடைத்துச் சிறிது ஓட்டி, முதல் ஈரம் எங்கே கசிகிறது என்று மேலிருந்து கீழாகப் பார்க்கும் மெக்கானிக் அளவை நூலாரின் வழியில்தான் நிற்கிறார்.

எரிகிற வாடையில் ஆராய்ச்சி ஆபத்தில்லையா என்று கேட்கலாம். புகை தெரிந்தாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கவேண்டும். அதற்கு ஐயமே போதும். காரணத்தைத் தீர்மானிக்கத்தான் ஐயம் போதாது. உலகாயதர் நேரே காணும் காட்சி ஒன்றையே அளவையாக ஏற்பார்கள். ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்கும்படி அவர்களைத் தூண்டியது காணாத ஒன்றைப் பற்றிய அனுமானம்தானே?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உலகம் ஒரு காரியம், அதாவது விளைவு, ஆகவே அதற்கொரு கர்த்தா உண்டு என்று சைவர் சொல்வதும் இதே அனுமானமா? வடிவில் ஒன்றுதான், உறுதியில் ஒன்றல்ல. கசிவை முன்பு கண்டிருக்கிறோம், துடைத்தபின் மறுபடியும் காண்போம். உலகம் தோன்றியதை எவரும் கண்டதில்லை, இன்னொரு உலகத்தோடு ஒப்பிடவும் வழியில்லை. இதனால் அந்த அனுமானம் பொய்யாகிவிடாது. தனியாக நிற்க அதற்கு வலுவில்லை என்பதே பொருள். சைவ சித்தாந்தம் காட்சியோடும் கருதல் எனும் அனுமானத்தோடும் நில்லாமல் ஆகம உரையையும் அளவையாக வைத்ததன் நியாயம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது.