பாட்டைக் காதில் வாங்கியவர்கள்

வடலூர்வாசிகளுக்கு வள்ளலாரின் அருட்பா காதில் விழாத நாள் அபூர்வம். அது அச்சேறியதற்குப் பின்னால் ஒரு பக்தரின் பிடிவாதம் உண்டு. பாடல்களைத் தரும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று விரதம் பூண்டார் இறுக்கம் இரத்தின முதலியார். வள்ளலார் இசைந்தார், தொழுவூர் வேலாயுத முதலியார் திருமுறைகளாக வகுத்தார், 1867இல் முதல் நான்கு வெளிவந்தன.

பெண்கள் கட்டிய பாட்டுக்காக அப்படி விரதம் இருந்தவர் யார்?

செங்கோட்டை ஆவுடையக்காள் சிறுவயதிலேயே கணவனை இழந்தவர். திருவிசநல்லூர் ஐயாவாளிடம் உபதேசம் பெற்று, அத்வைதத்தைக் கும்மியாகவும் அம்மானையாகவும் பாடினார். எச்சில், தீட்டு என்று தம்மைக் கட்டிப்போட்ட ஆசாரத்தையே கேள்வி கேட்டார். அந்தப் பாடல்களைக் காப்பாற்றியவர்கள் நெல்லைச் சீமைப் பெண்கள், அவரைப் போலவே மூலையில் உட்காரவைக்கப்பட்ட கைம்பெண்கள். மனப்பாடமாக வைத்திருந்தார்கள், எழுத்து தெரிந்தவர்கள் நோட்டில் எழுதிவைத்தார்கள். இதைவிடப் பெரிய பதிப்புப்பணி எனக்குத் தெரியவில்லை.

படிப்பும் பதவியும் இருந்தால் மட்டும் போதுமா? பிரான்சின் லூயிஸ் ஃபாரென்க் 1842 முதல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பியானோ பேராசிரியர். ஆண்களைவிடக் குறைந்த சம்பளம். ஒன்பது கருவிகளுக்கு அவர் எழுதிய இசை 1850இல் பெரும் பாராட்டுப் பெற்ற பிறகு, சமச் சம்பளம் கேட்டு வாங்கினார். கணவரே இசைப் பதிப்பாளர். அப்படியிருந்தும் அவருடைய மூன்று சிம்பொனிகளும் அவர் காலத்தில் அச்சேறவில்லை.

எங்கள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழவு வீட்டில் நாலு பெண்களோடு தோளில் கைபோட்டு உட்கார்ந்தால், செத்தவர் வைத்த முந்திரித் தோப்பு, சுரங்கத்துக்குப் போன நிலம், பேசாமல் போன தம்பி எல்லாம் அந்த இடத்திலேயே பாட்டாகிவிடும். எதுகை தப்பாது. அவரை நான் கவிஞர் என்றே சொல்வேன்.

தாலாட்டுகளை எனக்குச் சொல்லித்தந்தார். "எழுதுறதுன்னா எம் பேரப் போட்டு எழுதுடி" என்றார். இழுவையை எழுத்தில் பிடிக்க முடியாததால் போனில் பதிவு செய்திருக்கிறேன். ஒப்பாரிக்கு மட்டும் மறுத்துவிட்டார்: "நல்லா இருக்கிற வீட்டுல அதப் பாடக்கூடாது." எழவு வீட்டில் போனை நீட்ட எனக்கு மனம் வராது. அடுத்த சாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதால் வாங்கி, வீடு திரும்பியதும் எழுத வேண்டும். ஆவுடையக்காளின் பாட்டை அந்தப் பெண்களும் அப்படித்தானே வாங்கியிருப்பார்கள்.