எள்ளும் விலாசமும்

பாபநாசம் படித்துறையில் ஒரு ஆடி அமாவாசை. எனக்குப் பதினொரு வயது. அப்பா ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார். புரோகிதர் கேட்கக் கேட்க, பெற்றவர், தாத்தா, பூட்டன் என்று ஆண்கள் வரிசையை மடமடவென்று சொல்லிவிட்டார். பெண்கள் வரிசையில் பூட்டியிடம் வந்ததும் நின்றுபோனார்.

"தெரியலையே சாமி."

பின்னால் கூட்டம் காத்திருக்கிறது. புரோகிதர் கோயில் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "உலகம்மைன்னு சொல்லும்." அங்கே அம்பாளுக்கு அதுதான் பெயர். அப்பாவும் சொல்லிவிட்டு அடுத்த கை தண்ணீரை விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சாமி பெயரைச் சொல்லி விட்ட தண்ணீர் பூட்டிக்கு எப்படிப் போகும்? விலாசம் தப்பான கடிதம் மாதிரி திரும்பி வந்துவிடாதா?

வீட்டுக்கு வந்து பெரிய அத்தையைக் கேட்டேன். "பொம்பளை பேரை எவ ஏட்டி ஞாபகம் வச்சிருக்கா? தெக்குவீட்டுக்காரின்னுதான் சொல்லுவாவ" என்றாள். அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட ஆரம்பித்தேன். கல்யாண வீடு, துட்டி வீடு எங்கே போனாலும் கிழவிகளைச் சுற்றி உட்கார்ந்து பெயர் கேட்பேன். "இதெல்லாம் சோறு போடுமாட்டி?" என்பார் அப்பா.

போட்டது. பி.காம். முடித்து பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் படித்து, மங்கிய மையும் கூட்டெழுத்தும் கைவசமாகின. பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்குக் கொடிவழி எழுதித் தரச் சொல்லி ஒரு வக்கீல் 300 ரூபாய் கொடுத்தார். அப்புறம் வேறு வக்கீல்கள், அப்புறம் கடல் கடந்தவர்கள். ஒன்று சொல்ல வேண்டும்: பத்திரங்களில் ஆண்களெல்லாம் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று வரிசையாக நிற்பார்கள். பெண்கள் பல இடங்களில் 'மேற்படியார் பாரியாள்' என்ற அளவோடு சரி. நிலம் கைமாறியதற்குச் சாட்சி இருக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு இல்லை.

இந்த வேலையில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது மூன்று என்ற கணக்கு. திதியில் மூன்று தலைமுறைக்குத்தான் பெயர். முதல் தலைமுறை வசு, இரண்டாவது ருத்திரர், மூன்றாவது ஆதித்தர். புதிதாக இறந்தவரைப் பிதுருக்களோடு சேர்க்கும் சபிண்டீகரணத்தில் அவர் உள்ளே வர, மேலே இருந்தவர் பிண்டம் வாங்கும் வரிசையிலிருந்து விலகுகிறார். மறப்பதற்கும் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, ஏழாவது எட்டாவது தலைமுறையைத் தோண்டிக் காசு வாங்கும் நான் யார்?

கணக்காகப் பார்த்தாலும் வம்சப் பெருமை நிற்காது. பத்துத் தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 1,024 முன்னோர். முப்பது போனால் 107 கோடி. அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது. ஒரே ஆள்தான் பல கட்டங்களில் திரும்பத் திரும்ப உட்கார்ந்திருக்க வேண்டும். 'எங்க ரத்தம் சுத்தம்' என்று வருகிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். சிலர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதும் உண்டு.

டர்பனிலிருந்து வந்தவர் அப்படி இல்லை. அறுபது வயது இருக்கும். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விடவில்லை என்றார். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து 342 பேரோடு 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் இவருடைய கொள்ளுத்தாத்தா. கப்பல் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், ஜில்லா. உடம்பில் தழும்பு இருந்தால் அதற்கும் ஒரு கட்டம்.

முனுசாமி, தகப்பன் பெயர் கோவிந்தன், வடஆற்காடு. பதிவேட்டில் தேடி எடுத்தேன். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைக் குடியாத்தம் பக்கத்தில் நாலு நாள் அலைந்து கண்டுபிடித்தேன். அவர் அந்த ஊர் மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டார். ராமேசுவரம் போய்ப் பிண்டம் வைத்தார். அழுதார். எனக்கும் கண் கலங்கியது, பெருமையாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அவருடைய அத்தை வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய கல்யாணப் பத்திரம். அதில் கொள்ளுத்தாத்தாவின் எண் இருந்தது. நான் பார்த்த எண் அது இல்லை. அதே ஜில்லாவிலிருந்து இன்னொரு முனுசாமி, அவனுக்கும் தகப்பன் கோவிந்தன். வேறு கப்பல், வேறு ஊர். சாதிக் கட்டத்திலும் வேறு.

பெயரை நம்பிக் கெட்டேன். தோட்டத்துரைக்கு ஆளை அடையாளம் காட்டிய எண்தான் சரியான ஆளைக் காட்டியது. பணத்தைத் திருப்பி அனுப்பினேன், மறுபடி கூலியில்லாமல் தேடிக் கொடுத்தேன். சாதியையும் மறைக்கவில்லை. தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் நான் ராமேசுவரத்தில் யாருக்குப் பிண்டம் வைத்தேன்?" என்று கேட்டார்.

தெரிந்த புரோகிதர் ஒருவரிடம் போனேன். "தர்ப்பணம் முடியறப்ப, தாய் தகப்பன் சொந்தம் யாருமே இல்லாதவாளுக்குன்னு ஒரு கை ஜலம் விடறோமே, அதுல சேர்ந்துடும். அந்த முனுசாமிக்கும் யாரோ விடணுமில்லையா?" என்றார். நல்ல பதில்தான், என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. முதல் முனுசாமிக்கும் டர்பனில் பேரப்பிள்ளைகள் இருக்கலாம். யாருமில்லாதவன் என்று அவனை நான் எப்படித் தள்ளுவது? எண்ணாக்கி அனுப்பப்பட்டவனுக்கு அவன் பெயரையே தப்பில்லாமல் சொல்லிக் கூப்பிடுவதாவது நடக்க வேண்டாமா? அன்றிலிருந்து இரண்டு ஆவணம் ஒத்துப்போகாமல் யாரையும் எந்த ஊருக்கும் அனுப்புவதில்லை. 'உத்தேசமா ஒரு பேரைச் சொல்லுங்க' என்று கெஞ்சுகிறவர்களிடமும் முடியாது என்றுதான் சொல்கிறேன்.

அப்பா போய் ஆறு வருஷமாகிறது. இப்போது படித்துறையில் உட்காருகிறவன் தம்பி. குடும்பத்தில் எல்லார் பெயரும் தெரிந்தவள் நான்தான், ஆனால் எள்ளு அவன் கையில். பூட்டியின் பெயர் இதுவரை எந்தப் பத்திரத்திலும் அகப்படவில்லை. அப்பா போனதும் வரிசை ஒரு படி நகர்ந்துவிட்டது. அதனால் பூட்டியைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இப்போது இல்லை. போன ஆடி அமாவாசை காலையில் தம்பி ஆற்றங்கரையிலிருந்து போன் பண்ணினான். ஒரே இரைச்சல்.

"அக்கா, முறைப்படி எல்லாம் முடிஞ்சிட்டு. அப்பா எப்பவும் கடைசியா ஒரு பேரு சொல்லுவாவளே, அது என்னது?"

கட்டம் போட்ட நோட்டு மடியிலேயே இருந்தது. அந்த இடம் காலி.

"உலகம்மை" என்றேன்.