தில்லைக் கோடும் வேப்பங்கவையும்

சீடன்: ஐயா, சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளத்தி ஆகிய மூன்று கோயில்களும் ஒரே தீர்க்கரேகையில் நிற்கின்றன என்கிறார்கள். பூமியின் ஆற்றல் ஓடும் கோட்டை முன்னோர் அறிந்து, அதன்மேல் கட்டினார்களாம். இங்கே கடலூர்ப் பக்கம் போர் போடுகிறவர்களில் பலர், வேப்பங்கவையோ தேங்காயோ கொண்டு நீரோட்டம் பார்த்த பிறகுதான் ரிக் வண்டியைக் கூப்பிடுகிறார்கள். படித்தவர்கள் இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளுகிறார்கள். நான் எந்தப் பக்கம் நிற்பது?

குரு: பக்கத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் அளந்து பார். தில்லைக் கோயில் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 79.69 பாகையில். ஏகாம்பரநாதர் கோயிலும் காளத்தியும் 79.70-ஐ ஒட்டி இருக்கின்றன. சிதம்பரத்துக்கு வடக்கே சுமார் 260 கிலோமீட்டரில் காளத்தி. அவ்வளவு தொலைவுக்கு மூன்றும் கிழக்கு மேற்காக ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே இதைப் பொய் என்றவர் வரைபடத்தைத் திறக்காமல் சொல்லியிருக்கிறார். அதற்கு ஐயம் என்று பெயரில்லை, சோம்பல் என்றுதான் பெயர். ஆனால் அதே வரைபடத்தை இன்னும் கொஞ்சம் பார். பஞ்சபூதத் தலங்களில் மற்ற இரண்டில் திருவண்ணாமலை 79.07-இலும் திருவானைக்கா 78.71-இலும் உள்ளன. தில்லைக் கோட்டுக்கு மேற்கே ஏறத்தாழ 70, 110 கிலோமீட்டர். கேதாரநாத் 79.07, இராமேசுவரம் 79.32, காளேசுவரம் 79.91. எட்டுக் கோயில்களும் ஒரே 79-ஆம் பாகைக் கோட்டில் என்று பரவும் செய்தி, புள்ளிக்குப் பின்னுள்ள எண்களை வெட்டியதால் பிறந்தது. நம் பகுதியில் ஒரு பாகையின் அகலம் சுமார் 109 கிலோமீட்டர். அவ்வளவு அகலமான பட்டைக்குள் கடலூர் நகரமும் நெய்வேலிச் சுரங்கமும்கூட அடங்கும். திருவானைக்காவோ அந்தப் பட்டைக்கும் வெளியே நிற்கிறது.

சீடன்: அப்படியானால் அந்த மூன்று கோயில்கள் மட்டும் தற்செயலா?

குரு: தற்செயல் என்பதும் சான்று கேட்கும் கூற்றுதான். பாடல் பெற்ற தலங்கள் 276 என்று கொண்டால், அவற்றிலிருந்து மூன்று மூன்றாக 34 லட்சத்துக்கு மேற்பட்ட கூட்டுகளை எடுக்கலாம். அவற்றுள் நேர்கோட்டில் அமைபவை ஏராளமாக இருக்கும். 1921-இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் வாட்கின்ஸ் இப்படித்தான் பழைய தேவாலயங்களையும் மேடுகளையும் கோடுகளால் இணைத்தார். அவர் அவற்றை வணிகர் நடந்த பழைய பாதைகள் என்றே எண்ணினார். ஆற்றல் என்ற பேச்சு 1960-களில் மற்றவர்கள் சேர்த்தது. ஆனால் நீ ஒன்று கேட்கலாம்: தில்லையும் காஞ்சியும் காளத்தியும் கண்ணை மூடி எடுத்த மூன்று அல்லவே, புகழ்பெற்ற ஐந்தில் மூன்று அல்லவா என்று. அந்தக் கேள்விக்கு வலு உண்டு. தரையில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலைக் கொண்டு வடக்கைத் துல்லியமாகக் காணும் முறை நம் நாட்டில் பழமையானது. ஆகவே நான் கதவைச் சாத்தவில்லை. திட்டமிட்டே அப்படி அமைத்தார்கள் என்று சொல்லும் ஒரு கல்வெட்டோ, சிற்பநூல் வரியோ கிடைக்கட்டும், ஏற்றுக்கொள்கிறேன். அப்போதும் தெரியவருவது நில அளவையில் அவர்களுக்கிருந்த திறமைதான். கோட்டின்மேல் ஆற்றல் ஓடுகிறது என்பது வேறு கூற்று, அதற்கு வேறு சான்று வேண்டும். நடராசர் திருவடியின்கீழ் காந்தப்புலத்தின் மையம் உள்ளது என்கிறார்களே, அதைச் சோதிக்கலாம். காந்த நடுக்கோடு அருகே செல்கிறது என்பதால்தான் தும்பாவில் ஏவுதளம் அமைத்து 1963-இல் ராக்கெட் விட்டார்கள். தும்பா சிதம்பரத்துக்குத் தெற்கே மூன்று பாகை தள்ளி இருக்கிறது.

சீடன்: கவைக்குச்சி அப்படியல்லவே, ஐயா. அது சாய்வதைக் கண்ணால் பார்க்கிறோம். சாய்ந்த இடத்தில் தோண்டினால் தண்ணீரும் வருகிறது.

குரு: சாய்வது உண்மை. பிடித்திருப்பவர் ஏமாற்றுக்காரர் என்றும் நான் சொல்லமாட்டேன். இறுக்கிப் பிடித்த கவை வளைத்த வில்லைப் போன்றது, மணிக்கட்டு மயிரிழை திரும்பினாலும் துள்ளும். மனத்தின் எதிர்பார்ப்பு நாம் அறியாமலே தசையை அசைக்கும் என்று 1852-இலேயே வில்லியம் கார்ப்பெண்டர் விளக்கிவிட்டார். சிவஞான சித்தியார் தன் அளவை இயலில் காட்சியை வகுக்கும்போது ஐயத்தையும் திரிபையும் தனித்தனியே வைக்கிறது. கயிற்றைப் பாம்பாகக் கண்டவன் பொய் சொல்லவில்லை, அவன் காட்சி திரிந்திருக்கிறது. இனித் தண்ணீருக்கு வா. நிலவியலார் ஒரு பாறைக்கே கடலூர் மணற்கல் என்று நம் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். பண்ணுருட்டி, நெய்வேலிப் பக்கம் அது நீரைத் தேக்கிப் பரந்து கிடக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கம் மூழ்காமலிருக்க இடைவிடாமல் இறைக்கிறார்கள். அத்தகைய மண்ணில் கண்ணைக் கட்டிக்கொண்டு கைகாட்டினாலும் தண்ணீர் வரும். சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரத்தில் தண்ணீர் உண்டா என்பதல்ல, உப்பா நன்னீரா என்பதே கேள்வி. மேற்கே மங்களூர், நல்லூர் ஒன்றியங்களில் கடும்பாறை. அங்கே வெடிப்புகளில்தான் நீர். கவைக்குச்சியின் தேர்வு அங்கேதான்.

சீடன்: அறிவியல் இன்னும் அறியாத விசையாக இருக்கக்கூடாதா? வராகமிகிரரே நிலத்தடி நீரைப் பற்றி எழுதவில்லையா?

குரு: எழுதினார். பிருகத் சம்ஹிதையில் அவர் சொல்வது மரங்களும் புற்றுகளும் மண்ணின் நிறமும். அவை யாரும் போய்ச் சரிபார்க்கக்கூடிய அடையாளங்கள். விசையைப் பொறுத்தவரை, பெயர் தெரியாத விசையும் விளைவைக் காட்டியாக வேண்டும். 1990-இல் ஜெர்மனியின் காசல் நகரில் கவைக்குச்சி போன்றவற்றால் நீரோட்டம் பார்க்கிற சுமார் 30 பேரைச் சோதித்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்ல வேண்டும். விதிகளை அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டார்கள், வெல்வோம் என்றும் நம்பினார்கள். முடிவோ நாணயம் சுண்டியது போலவே வந்தது. அதற்குமுன் மியூனிக்கில், ஏறத்தாழ 500 பேரிலிருந்து தேர்ந்த 43 பேரை 843 முறை சோதித்து, சிலருக்குத் திறமை உண்டு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஜிம் என்ரைட் அதே எண்களை மறுபடி ஆராய்ந்தபோது, ஒரு சுற்றில் சிறந்தவர் அடுத்த சுற்றில் சிறக்கவில்லை என்று தெரிந்தது. திறந்த மனம் என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: எது நடந்தால் நான் தோற்றேன் என்று சோதனைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம்புகிறவருக்கும் மறுக்கிறவருக்கும் அது ஒன்றே. சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் அதன் பரபக்கத்தில் பிறர் கொள்கையை முதலில் அவர்கள் பக்கம் நின்று சொல்லி, அதன்பிறகே மறுத்தார். அவர் வாழ்ந்த திருத்துறையூர் பண்ணுருட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சீடன்: நான் இப்போது என்ன செய்யட்டும், ஐயா?

குரு: மங்களூர்ப் பக்கம் போ. ஓர் ஊரில் கவை பார்த்துப் போட்ட போர்களையும் பார்க்காமல் போட்டவற்றையும் ஒரே நோட்டில் எழுது. ஆழம், செலவு, எத்தனை ஆண்டு நீர் நின்றது என்பதையும் எழுது. கடன் வாங்கிப் போட்டு வறண்டுபோன துளைகளை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். அவற்றைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு வா.