கடிவாளத்திற்கு முன்

கட உபநிஷதத்தில் எமதர்மராஜன் நசிகேதனுக்கு உபதேசித்த தேர் உவமை ஆன்மிக அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. உடல் தேர், ஆத்மா தேரின் தலைவன், புத்தி சாரதி, மனம் கடிவாளம், புலன்கள் குதிரைகள், புலன்கள் நாடும் பொருள்களே அக்குதிரைகள் ஓடும் பாதைகள். விவேகம் உள்ளவனின் புலன்கள் சாரதிக்கு வசப்பட்ட நல்ல குதிரைகளைப் போன்றவை. விவேகம் இல்லாதவனின் புலன்களோ வசப்படாத முரட்டுக் குதிரைகள்.

இந்த உவமையைச் சிந்திப்பவர்களின் கண்முன் பெரும்பாலும் ஓடுகின்ற தேரே தோன்றுகிறது. தேரில் பூட்டப்படுவதற்கு முன் அக்குதிரைகள் எப்படி வளர்ந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. நல்ல குதிரை, முரட்டுக் குதிரை இரண்டுமே ஒரு காலத்தில் தாயின் நிழலில் ஒண்டி நின்ற குட்டிகள்தாம். அவற்றை முதன்முதலில் தொட்ட கை எத்தகையது என்பதே பிற்காலத்தில் அவற்றின் குணத்தைப் பெருமளவு முடிவு செய்கிறது. ஆகவே குதிரைக்குட்டியைப் பழக்கும் கலையில், மனத்தைப் பழக்க விரும்பும் சாதகனுக்கும் மக்களை வளர்க்கும் பெற்றோருக்கும் ஆழ்ந்த பாடம் ஒன்று அடங்கியுள்ளது.

முதல் நாள்

தாய்க்குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் கருவைச் சுமக்கிறது. பிறந்த குட்டி பொதுவாக ஒரு மணி நேரத்திற்குள் எழுந்து நிற்கிறது. இரண்டு மணி நேரத்திற்குள் பால் குடிக்கத் தொடங்குகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றல் கருவிலேயே அதற்குக் கிடைப்பதில்லை. தாயின் சீம்பாலிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். அதையும் குட்டியின் குடல் ஏற்றுக்கொள்வது பிறந்த முதல் நாளில் மட்டுமே. எனவே அந்த முதல் மணி நேரங்களில் தாய்க்கும் சேய்க்கும் இடையே மனிதன் குறுக்கிடாமல் இருப்பது நலம் என்பர் அனுபவசாலிகள்.

வேட்டையாடப்படும் இனத்தில் பிறந்தது குதிரை. அஞ்சியவுடன் ஓடுவது அதன் இயல்பு. அதைக் குற்றமாகக் கருதுபவர் குதிரையை அறியாதவர். சஞ்சலமும் மனத்தின் இயல்பே. தியானத்தில் அமர்ந்த முதல் நாளே மனம் அலைகிறதென்று வருந்தும் சாதகன், குட்டி துள்ளுகிறதென்று வருந்தும் குதிரைக்காரனைப் போன்றவன்.

இருவகை அமைதி

அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ராபர்ட் மில்லர் என்பவர் 1991-இல் வெளியிட்ட ஒரு நூலின் வாயிலாக, பிறந்த குட்டியை உடனடியாகப் பழக்கும் முறை ஒன்றைப் பரப்பினார். குட்டி பிறந்தவுடன் அதைப் பிடித்துக்கொண்டு, செவி, மூக்கு, வாய், குளம்பு என உடல் முழுவதையும் தடவ வேண்டும். அது எதிர்ப்பதை விட்டு அடங்கும்வரை தொடர வேண்டும் என்பது அம்முறை. மருத்துவரையும் லாடம் கட்டுபவரையும் கண்டு குதிரை பிற்காலத்தில் அஞ்சாதிருக்க வேண்டும் என்பதே அவரது நல்ல நோக்கம்.

பிரான்ஸ் நாட்டின் ரென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிறந்தவுடன் இவ்வாறு கையாளப்பட்ட குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். அக்குட்டிகள் தாயை விட்டு அகல அஞ்சின; குறைவாகவே விளையாடின; வளர்ந்த பின்னும் பிற குதிரைகளிடமிருந்து ஒதுங்கின அல்லது சீறின. பிடித்த கையில் கோபம் இல்லை. ஆயினும் குட்டி அறிந்ததெல்லாம் தப்ப வழியில்லை என்பது ஒன்றையே.

அதே ஆய்வாளர் குழுவினர் முன்னதாக 2005-இல் வேறொரு முறையின் பயனையும் வெளியிட்டிருந்தனர். அதில் குட்டியை எவரும் தொடவில்லை. குட்டி பிறந்த முதல் ஐந்து நாட்களில், நாள்தோறும் பதினைந்து நிமிடம், தாய்க்குதிரையை மென்மையாகத் தூரிகையால் தேய்த்து, கையால் தீனி ஊட்டினர். குட்டி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவே. அந்தக் குட்டிகள் பின்னர் மனிதனைத் தாமே நாடி வந்தன. தொடுவதையும், முதுகில் சேண விரிப்பு வைப்பதையும் எளிதில் ஏற்றன. ஓராண்டு கழிந்த பின்னும் அந்த நம்பிக்கை மறையவில்லை.

எதிர்ப்பதில் பயனில்லை என்று அடங்கிப்போவது ஒருவகை அமைதி. அஞ்ச வேண்டியதில்லை என்று அறிந்து இளைப்பாறுவது மற்றொரு வகை அமைதி. வெளியே இருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் முதலாவது, கட்டு தளர்ந்த நாளில் சிதறும். இரண்டாவது, கட்டே இல்லாதபோதும் நிலைக்கும்.

தளர்த்துவதே பாடம்

வளரும் குட்டியைப் பழக்கும் நல்ல பயிற்சியாளர் நேர் எதிரே விரைந்து செல்வதில்லை. தாயின் அருகே அமைதியாக நின்று, குட்டி தானே வந்து முகரும்வரை காத்திருக்கிறார். முதலில் அவர் தொடுவது, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் இடத்தை. குதிரைகள் ஒன்றையொன்று அன்போடு சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே வருடும்போது குதிரையின் இதயத் துடிப்பு தணிகிறது.

பின்னர் தலைக்கயிறு. அதையும் பயிற்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். குட்டி விரைந்து வளர்வதால் கயிறு இறுகிவிடலாம்; எதிலாவது சிக்கிக்கொள்ளவும் கூடும். நடத்திச் செல்லும்போது கழுத்தைப் பிடித்து இழுத்தால் குட்டி பின்னோக்கித் திமிறி விழுந்து காயமுறும். அதனால் தாயை முன்னே நடக்கவிட்டு, பின்தொடையைச் சுற்றிய மென்மையான கயிற்றால் மெல்ல முன்னோக்கித் தூண்டுவர். கால்களைத் தூக்கிப் பழக்குவதும் முதலில் சில நொடிகளே. பாடம் எதுவாயினும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இக்கலையின் உயிர்நிலை ஒன்று உண்டு. கயிற்றின் இறுக்கம் குதிரைக்கு எதையும் கற்பிப்பதில்லை. இறுக்கம் தளரும் கணமே கற்பிக்கிறது. குட்டி ஓர் அடி எடுத்து வைத்தவுடன் கயிறு தளர வேண்டும். அப்போதுதான் ‘இதுவே சரியான வழி’ என்று அது உணர்கிறது. அடி எடுத்து வைத்த பின்னும் இழுத்துக்கொண்டே இருப்பவனிடம் குட்டி எதைக் கற்கும்?

இதனால் கண்டிப்பு வேண்டாம் என்று ஆகாது. பிறக்கும்போது ஏறக்குறைய ஐம்பது கிலோ எடையுள்ள குட்டி செல்லமாகக் கடிப்பதும், முன்னங்கால்களைத் தூக்கி மேலே சாய்வதும் வேடிக்கையாக இருக்கலாம். அதே பழக்கம் நானூறு கிலோ எடையுள்ள குதிரையிடம் நிலைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே எல்லையை முதல் நாளே, கோபமின்றி, நாள்தோறும் மாறாமல் உணர்த்த வேண்டும்.

பகவான் புத்தர் காட்டிய வழி

மஜ்ஜிம நிகாயத்தில், பத்தாலி என்ற பிக்ஷுவுக்குப் புத்தர் குதிரைக்குட்டியின் உவமையைக் கூறுகிறார். பயிற்சியாளன் முதலில் கடிவாளத்தை மட்டும் பழக்குகிறான். முன் செய்தறியாத செயல் என்பதால் குட்டி நெளிகிறது, திமிறுகிறது. இடைவிடாத பயிற்சியாலும் படிப்படியான பழக்கத்தாலும் அச்செயலில் அது அமைதி பெறுகிறது. அதன் பிறகே அடுத்த பயிற்சி தொடங்குகிறது. கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் ஸ்ரீகிருஷ்ணரும் மனத்தை மெல்ல மெல்ல உள்முகப்படுத்துமாறும், அது ஓடும்போதெல்லாம் திரும்பக் கொணருமாறும் அர்ஜுனனுக்கு உபதேசிக்கிறார். ஓடியதற்காக அதைத் தண்டிக்கச் சொல்லவில்லை.

அங்குத்தர நிகாயத்தில் வரும் நிகழ்ச்சி மேலும் ஆழமானது. கேசி என்ற குதிரைப் பயிற்சியாளரிடம், குதிரையை எவ்வாறு பழக்குகிறாய் என்று புத்தர் கேட்டார். மென்மையாலும், கடுமையாலும், இரண்டையும் கலந்தும் பழக்குவதாகவும், எதற்கும் வசப்படாததைக் கொன்றுவிடுவதாகவும் கேசி கூறினார். தாமும் மனிதர்களை அவ்வாறே பழக்குவதாகவும், வசப்படாதவரைக் கொல்வதாகவும் புத்தர் சொன்னபோது கேசி திடுக்கிட்டார். உயிர்க்கொலை புத்தருக்குத் தகாததாயிற்றே! புத்தர் விளக்கினார்: உபதேசத்திற்கும் பேச்சுக்கும் தகாதவன் என்று ஒருவனை ஒதுக்கிவிடுவதே ஆரியர்களின் இந்நெறியில் கொலையாகும்.

பெற்றோரும் ஆசிரியரும் இந்தச் சொல்லை இதயத்தில் ஏற்க வேண்டும். ‘இவன் திருந்த மாட்டான், இவனிடம் பேசிப் பயனில்லை’ என்று வீட்டில் ஒரு பிள்ளையை நோக்கிச் சொல்லும்போது என்ன நிகழ்கிறது என்பதை அச்சொல் உணர்த்துகிறது. அவ்வாறே, அதட்டலுக்கு அஞ்சி ஊமையாகிப்போன பிள்ளையை, ‘நல்ல அடக்கமான பிள்ளை’ என்று மெச்சுவதும் பெரும் பிழை. தாய்க்குதிரையின் அமைதியைப் பார்த்தே குட்டி கற்றது. பிரார்த்தனை செய்யுமாறு பிள்ளைக்கு ஆணையிடுவதைவிட, நாள்தோறும் பதினைந்து நிமிடம் அமைதியாகப் பிரார்த்தனையில் அமரும் தாயை அது பார்ப்பது மேலான பாடமாகும்.

சாதகனும் தன் மனத்தை அவ்வாறே நடத்த வேண்டும். பல மணி நேரம் மனத்தோடு மல்லுக்கட்டி, மறுநாள் தியானத்தையே கைவிடுபவன் குட்டியின் கழுத்தைப் பிடித்து இழுத்தவன். குறைந்த நேரமாயினும் குறித்த நேரத்தில் அமர்ந்து, மனம் ஒருமுறை இறைவன் நாமத்திற்குத் திரும்பியதும் அதில் மகிழ்பவனே கயிற்றைத் தளர்த்தும் கணத்தை அறிந்தவன். என்றாவது தவறினாலும் அவன் தன்னைத் தானே ஒதுக்கிவிடுவதில்லை.

மகாபாரதப் போரின் பதினான்காம் நாள். ஜயத்ரதனைத் தேடி விரைந்த தேரின் குதிரைகள் அம்புகளால் புண்பட்டுக் களைத்தன. பொழுது சாய்வதற்குள் சபதம் நிறைவேற வேண்டும். அந்த நெருக்கடியிலும் பார்த்தசாரதி சவுக்கை ஓங்கவில்லை. போர்க்களத்தின் நடுவே அவற்றை அவிழ்த்துவிட்டார். தம் திருக்கரங்களால் அம்புகளைக் களைந்து, உடலைத் தேய்த்துவிட்டு, அர்ஜுனன் அம்பெய்து உண்டாக்கிய நீர்நிலையில் நீர் அருந்தச் செய்தார். களைப்பு நீங்கிய பின்னரே மீண்டும் தேரில் பூட்டினார்.

குதிரைகளை நேசிக்கும் அந்தச் சாரதியே ஒவ்வொரு ஜீவனின் இதயத்திலும் அமர்ந்திருக்கிறார். அவரது கரத்தின் மென்மையையும் உறுதியையும் தன் மனத்தின்மீதும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள்மீதும் சாதகன் பயிலட்டும். அதற்கான பொறுமையை இறைவன் அருள்வாராக.